லூயிஸ் டியான்ட்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கியூபாவின் பிட்சர் லூயிஸ் டியான்ட். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கேயே மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: சார், எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். யார் இவர்?

பிட்சர் என்றால் நம்ம பவுலர் மாதிரிதான், ஆனால் ஓவர் கணக்கு கிடையாது, தெம்பு இருந்தால் ஒரே ஆள் ஒன்பது இன்னிங்ஸும் போடலாம். டியான்ட் 1940-ல் ஹவானாவை ஒட்டிய மரியானாவோவில் பிறந்தார். அப்பாவும் பெரிய பிட்சர். கறுப்பர்களுக்கு மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியில், இடமே தராத காலம் என்பதால் அவர் கறுப்பர்களுக்கென்றே இருந்த நீக்ரோ லீகில் நியூயார்க் கியூபன்ஸ் அணிக்கு ஆடினார். 1947-ல் கறுப்பரான ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகுக்கு வந்து அந்தத் தடை உடைந்தபோது அப்பாவுக்கு நாற்பது வயதாகிவிட்டது. மகன் 1964 முதல் 1982 வரை மேஜர் லீகில் ஆடி 229 ஆட்டங்கள் ஜெயித்தார் (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சர் பேரில் எழுதுவார்கள்). கியூபாவில் பிறந்த வேறு எந்தப் பிட்சரும் அங்கே அத்தனை ஜெயித்ததில்லை.

கேள்வி: எல் டூக்கே மாதிரி இவரும் நாட்டை விட்டுத் தப்பி வந்தவரா அண்ணா?

இல்லை, இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். எல் டூக்கே என்கிற இன்னொரு கியூபா பிட்சர் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸ் 1997 கடைசியில் திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவர். டியான்ட் முறைப்படி மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தார். 1961-ல் கியூபா மீது அமெரிக்க ஆதரவோடு பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு நடந்தது, கியூபாவில் தொழில்முறை விளையாட்டையே ஒழித்தார்கள், வந்தால் திரும்பிப் போக முடியாது, வராதே என்று அப்பா எழுதினார். வெளியே இருந்தவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, அவ்வளவுதான். ஊர் மண்ணை அவர் மறுபடி மிதித்தது 2007-ல், 46 வருஷம் கழித்து.

கேள்வி: அவருடைய உச்சம் எது? 1968 என்கிறார்களே?

எண்களைப் பார்த்தால் 1968தான். கிளீவ்லேண்ட் அணிக்கு 21 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 1.60. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஜூலை 3 அன்று மினசோட்டாவுக்கு எதிராகப் பத்து இன்னிங்ஸில் 19 ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது. ஆனாலும் அந்த வருஷம் டென்னி மெக்லெய்ன் 31 ஆட்டம் ஜெயித்துவிட்டதால் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குப் போய்விட்டது.

நான் மதிப்பது அதற்கப்புறம் வந்த டியான்ட்டை. 1969-ல் 20 தோல்வி, 1970-ல் தோள்பட்டை எலும்பில் முறிவு, 1971-ல் அப்போது அவர் இருந்த மினசோட்டா அணி கைகழுவிவிட்டது. பாஸ்டன் எடுத்துக்கொண்டபோது பழைய வேகம் இல்லை. அங்கே முதல் வருஷம் ஒரே ஒரு வெற்றி, ஏழு தோல்வி. அடுத்த வருஷம் 15 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 1.91, லீகிலேயே குறைவு! அப்புறம் 1973, 1974, 1976 மூன்று வருஷமும் இருபதுக்கும் குறையாத வெற்றிகள். வேகம் போன பிறகு கோணத்தையும் வேகத்தையும் பந்துக்குப் பந்து மாற்றி, பேட்டர் மனசைப் படித்து ஜெயித்த பிட்சர் அவர்.

கேள்வி: முதுகைக் காட்டிப் பந்து போடுவாராமே, சும்மா ஸ்டைலுக்கா?

ஸ்டைல் இல்லை. உடம்பை முழுக்கத் திருப்பி ஒரு கணம் தனக்குப் பின்னால் இருக்கும் சென்டர் ஃபீல்டைப் பார்ப்பார், பந்து எந்தக் கோணத்தில் கையை விட்டு வரும் என்று பேட்டருக்குக் கடைசி நொடி வரை தெரியாது.

கேள்வி: தன் அப்பா அம்மாவைத் திரும்பப் பார்த்தாரா?

பார்த்தார். 1975 மே மாதம் அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மெகவர்ன் கியூபா போனபோது, இன்னொரு செனட்டர் எட்வர்ட் புரூக் எழுதிய கடிதத்தை கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவிடம் கொடுத்தார். அனுமதி கிடைத்து ஆகஸ்டில் இருவரும் பாஸ்டன் வந்துசேர்ந்தார்கள். ஆகஸ்ட் 26 அன்று பாஸ்டன் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்கில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்தை அப்பா போட்டார். கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டுப் போட்டார், பந்து தாழ்ந்து போனது, மனுஷன் விடவில்லை, பந்தைத் திரும்ப வாங்கிச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். மேஜர் லீகில் பந்து போடும் மேடு ஏற விடாமல் வைத்திருந்த ஒரு பிட்சருக்கு அந்த ஒரு பந்து எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். 1976 டிசம்பரில் அப்பா இறந்தார், சில நாளிலேயே அம்மாவும்.

கேள்வி: ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறாரா?

பேஸ்பாலின் பெருமக்களுக்கான அந்த கௌரவப் பட்டியலில் அவர் இல்லை, எனக்கு இதில் கோபமே உண்டு. அதே காலத்துப் பிட்சர் கேட்ஃபிஷ் ஹண்டருக்கு 224 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 3.26, அவரை 1987-லேயே சேர்த்துவிட்டார்கள். டியான்ட்டுக்கு 229 வெற்றி, 3.30, ஸ்ட்ரைக் அவுட் ஹண்டரைவிட நானூறு அதிகம். ஹண்டருக்கு ஐந்து சாம்பியன் பட்டமும் ஒரு சை யங்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பட்டம் முழு அணியும் சேர்ந்து ஜெயிப்பது, அதை வைத்து ஒரு பிட்சரை வெளியே நிறுத்துவது நியாயமில்லை. டியான்ட் 2024 அக்டோபர் 8 அன்று, 83 வயதில் காலமானார். அந்த டிசம்பரில் நடந்த தேர்விலும் பெயர் இருந்தது, தேர்வாகவில்லை.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்?

1975 வேர்ல்டு சீரிஸ் (மேஜர் லீகின் சாம்பியனை முடிவு செய்யும் தொடர்), சின்சினாட்டிக்கு எதிரான நான்காவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் 6-0 என்று ரன்னே கொடுக்காமல் ஜெயித்தவர், இதில் அடி வாங்கிக்கொண்டே 150 பந்துக்கு மேல் போட்டு 5-4 என்று தானே முடித்தார். சீரிஸைக் கடைசியில் சின்சினாட்டிதான் ஜெயித்தது. கடைசி இன்னிங்ஸை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள், நான்காவது இன்னிங்ஸில் பாஸ்டன் முன்னிலை எடுப்பதிலிருந்து பாருங்கள்.