டேட்டாபேஸ்ல தூர் வாருவோம்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில முக்காவாசி போஸ்ட்கிரெஸ், ஒண்ணே ஒண்ணுதான் மைஎஸ்க்யூஎல், ரெண்டுமே டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்தான். அரிசி மில்லுல ஆரம்பிச்சு உப்பளம் வரைக்கும் போயிருக்கு, நல்லதுதான்.

அண்ணே, எங்க மில்லு ஸ்டாக் டேபிள்ல மொத்தம் 400 வரிதான். ஆனா சைஸ் 300 எம்பி காட்டுது, ஒரு வரி எடுக்கவே இழுஇழுன்னு இழுக்குது. எடை மெஷின் நொடிக்கு ஒரு தடவை அப்டேட் பண்ணும். பொங்கலுக்கு முன்னாடி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ராம் கூட போடணுமா?
அரிசி ஆலை கம்ப்யூட்டர் ஆபரேட்டர், மன்னார்குடி

ராம் வாங்குற காசை பத்திரமா வெச்சுக்கங்க தம்பி. போஸ்ட்கிரெஸ்ல அப்டேட்னா பழைய வரி மேலயே எழுதாது, புதுசா ஒரு வரி எழுதிட்டு பழசை அப்படியே விட்டுரும், ஏன்னா அதே நேரத்துல வேற யாராச்சும் பழசை படிச்சிட்டு இருக்கலாம். அப்புறம் யாருக்குமே வேணாம்னு ஆனதும் அது செத்த வரி, வாய்க்காவுல வண்டல் மாதிரி தங்கிரும். ஜூன் 12 மேட்டூர் தெறக்குறதுக்கு முன்னாடி நம்ம பக்கம் தூர் வாருறாங்களே அந்த வேலைக்கு இங்க வேக்யூம்னு பேரு, ஆட்டோவேக்யூம்னு ஒருத்தன் டெண்டர் எதுவும் இல்லாமலே நாள் பூரா வாரிட்டு இருப்பான்.

அவன் எப்ப வருவான்னா, டிஃபால்ட்டா 50 செத்த வரி, அதோட டேபிள்ல 20 சதவீதம். உங்க 400 வரிக்கு 130 செத்தாலே வந்துரணும், நொடிக்கு ஒரு அப்டேட்னா ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் வந்துட்டே இருப்பான். வந்தும் குவியுதுன்னா அவனை யாரோ அள்ள விடலைன்னு அர்த்தம். எங்கயோ ஒரு புரோகிராம் பிகின் போட்டு ஒரு டிரான்ஸாக்‌ஷனை (ஒரே மூச்சுல முடிக்க வேண்டிய வேலை) ஆரம்பிச்சு, ஒரு வரி எழுதிட்டு கமிட்டும் (முடிச்சு சேமிக்கிறது) பண்ணாம ரோல்பேக்கும் (கைவிடுறது) பண்ணாம உக்காந்திருக்கும், அதுக்கப்புறம் செத்த எந்த வரியையும் வேக்யூம் தொடாது, அதுக்கு தேவைப்படலாமேன்னு விட்டு வெச்சிருக்கும். யாரு என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு காட்டுற பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி பட்டியல்ல போய் ஸ்டேட் காலம்ல (நெடுவரிசைல) ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்னு இருக்குற வரியை தேடுங்க, பக்கத்துல டிரான்ஸாக்‌ஷன் ஆரம்பிச்ச தேதி இருக்கும், அனேகமா ஜனவரி மாசம்தான் காட்டும்! சாக்கு என்ட்ரி ஸ்கிரீனை பாதில விட்டுட்டு டீ குடிக்க போனவரு இன்னும் வரல போல.

அந்த கனெக்‌ஷனை டெர்மினேட் பண்ணுங்க. ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் டைம்அவுட்னு ஒரு செட்டிங் 9.6லேர்ந்தே இருக்கு, அதை 10 நிமிஷம்னு வெச்சிருங்க, இனிமே அதுவா அறுத்து விட்டுரும். இதுக்கப்புறம் வேக்யூம் ஓடினாலும் ஃபைல் சைஸ் அனேகமா குறையாது, காலியான இடத்தை உள்ளயே திரும்ப பயன்படுத்திக்கும். சைஸும் குறையணும்னா வேக்யூம் ஃபுல், ஆனா அது தண்ணிய மொத்தமா நிறுத்திட்டு வாய்க்காவையே புதுசா வெட்டுற வேலை, முடியுற வரைக்கும் டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது, அதனால எடை போடாத ராத்திரி நேரமா பாத்து பண்ணுங்க.

சார், கஸ்டமர் லிஸ்ட்ல கும்பகோணம்னு தேடுனா பாதி பேருதான் வர்றாங்க. மீதி பேருக்கும் அதே ஊர்தான் போட்டிருக்கு, கண்ணால பாத்தா ஒரு வித்தியாசமும் இல்ல. அகர வரிசையும் தப்பா வருது.
பாத்திரக்கடை கணக்கு பாக்குற பெண், கும்பகோணம்

மேடம், வில்லன் அந்த ‘கோ’ எழுத்துதான். ஓகாரக் குறியை யூனிகோட்ல ஒரே குறியாவும் எழுதலாம், ரெட்டைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியாவும் எழுதலாம், ஸ்கிரீன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் மாதிரி எழுதுன கும்பகோணத்துக்கு லெங்க்த் 10ன்னு வரும், ரெண்டாவதுக்கு 11. நாம எண்ணுனா ஆறே எழுத்துதான், போஸ்ட்கிரெஸ் புள்ளி, கொம்பு எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். பழைய பாமினி ஃபான்ட்ல இருந்த லிஸ்டை கன்வெர்ட் பண்ணி ஏத்துனீங்களா? அங்கதான் இந்த கூத்து அதிகம்.

13ம் வெர்ஷன்லேர்ந்து ரெண்டு விதமா எழுதுனதை ஒரே மாதிரி ஆக்குற நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஊர் காலம் முழுக்க அதை என்எஃப்சின்னு (பிரிஞ்ச குறியை ஒண்ணா சேக்குற வடிவம்) போட்டு ஒரு அப்டேட் ஓட்டுங்க, அப்புறம் அதே காலத்துக்கு இஸ் நார்மலைஸ்டுன்னு ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுட்டா தப்பான ‘கோ’ இனிமே உள்ளயே வராது. ஆனா ஒண்ணு, கௌரிங்கிற பேரை நிறைய பேரு ஒத்தைக்கொம்பு போட்டு நிஜமான ள எழுத்தையே பக்கத்துல அடிச்சிருப்பாங்க, அதை நார்மலைஸ் சரி பண்ணாது, அதுக்கு அது வேற எழுத்துதான். அதெல்லாம் நீங்கதான் உக்காந்து தேடி மாத்தணும், வேற வழி இல்ல.

அகர வரிசைக்கு வர்றேன். யூனிகோட் நம்பர் படி ல, ள, ழ, வன்னு போகுது, நம்ம வரிசை ல, வ, ழ, ள. அதனால கவணை, கழனி, களம்னு வர வேண்டியது அப்படியே தலைகீழா களம், கழனி, கவணைன்னு வந்து நிக்கும். க்வெரில வரிசை கேக்குற ஆர்டர் பைல தமிழுக்கான ஐசியு கொலேஷனை (எழுத்து வரிசை விதி) சொல்லிட்டா சரியாயிரும், 2017ல வந்த 10ம் வெர்ஷன்லேர்ந்தே இருக்கு. ஒருவேளை நீங்க சர்வரோட கொலேஷன்ல ஓட்டிட்டு உபுண்டுவ 18.04லேர்ந்து 20.04க்கு மாத்தியிருந்தா எழுத்து இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட வெச்சிருக்குற அட்டவணை) எல்லாத்தையும் ரீஇன்டெக்ஸ் பண்ணிருங்க, நடுவுல ஜிலிப்சிங்கிற லினக்ஸ் நூலகத்தோட 2.28ல வரிசை விதியே மாறிப்போச்சு, இருக்குற வரியே இல்லைன்னு சொல்லும்.

ஆடிப்பதினெட்டு தெரியும், போஸ்ட்கிரெஸ் பதினெட்டுல என்ன விசேஷம் சார்? நாங்க இன்னும் 13ல இருக்கோம்.
கல்லூரி மாணவர், திருவாரூர்

13க்கு 2025 நவம்பரோட சப்போர்ட் முடிஞ்சிருச்சு தம்பி, மொதல்ல அங்கேர்ந்து கிளம்புங்க. ஒரு வெர்ஷனுக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுசு, 14க்கும் 2026 நவம்பர்ல கெடு. 18 வந்தது 2025 செப்டம்பர் 25. பெரிய விஷயம்னு எல்லாரும் பேசுறது டிஸ்க்ல இருந்து படிக்கிறப்ப ஒவ்வொண்ணுக்கும் காத்து நிக்காம மொத்தமா கேட்டு வாங்கிக்கிற வசதி, ஆனா எனக்கு புடிச்சது வேற. முன்னல்லாம் பிஜி அப்கிரேட்ங்கிற வெர்ஷன் மாத்துற டூலை ஓட்டி முடிச்சதும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (டேபிள்ல என்ன எவ்வளவு இருக்குங்கிற கணக்கு) எல்லாம் போயிரும், அதை திரும்ப எடுக்குற அனலைஸை ஓட்டி முடிக்கிற வரைக்கும் எல்லா க்வெரியும் தடுமாறும், மொதல் நாள் காலைல போன் மேல போன். 18க்கு மாறுறப்ப அதுல பெரும்பகுதி கூடவே வந்துரும்.

ஒரு இடத்துல மட்டும் இடிக்கும். 18ல புதுசா கிளஸ்டர் (ஒரு சர்வர் பாத்துக்கிற மொத்த டேட்டாபேஸ்) போட்டா செக்சம் (டேட்டா கெட்டுப்போச்சான்னு பாக்குற சரிபார்ப்பு எண்) தானாவே ஆன் ஆகியிருக்கும், உங்க பழசுல ஆஃப்ல இருந்தா பிஜி அப்கிரேட் ரெண்டும் ஒத்துப்போகலைன்னு நின்னுரும். பழைய சர்வரை நிறுத்திட்டு பிஜி செக்சம்ஸ் ஓட்டி அதுலயும் ஆன் பண்ணிட்டு மாறுங்க.

வேகம் வேணும்னா எஃப்சிங்க்கை ஆஃப் பண்ணுன்னு ஒருத்தர் சொன்னாரு. எங்க ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு தெரியாது. பண்ணலாமா அண்ணே? பேக்கப் தினமும் அதே கம்ப்யூட்டர்ல எடுத்துட்டுதான் இருக்கோம்.
உப்பளக் கணக்கர், வேதாரண்யம்

பண்ணவே பண்ணாதீங்க. டிஸ்க்ல நிஜமாவே எழுதியாச்சான்னு உறுதி பண்றது அந்த எஃப்சிங்க்தான், அதை நிறுத்திட்டா கரண்ட் போன அடுத்த நிமிஷம் மொத்த டேட்டாபேஸும் எந்திரிக்காமலே போகலாம். வேகம்தான் வேணும்னா சிங்க்ரனஸ் கமிட்டை ஆஃப் பண்ணுங்க, டிஃபால்ட் செட்டிங்ல கடைசி அரை நொடி, முக்கா நொடில போட்ட என்ட்ரி போகலாம், ஆனா டேட்டாபேஸ் கெடாது.

பேக்கப் விஷயத்துலதான் எனக்கு வயித்த கலக்குது. 2018 நவம்பர்ல கஜா புயல் கரை ஏறுனதே உங்க ஊர் பக்கம், கூரை போன கட்டடத்துல கம்ப்யூட்டரும் போச்சுன்னா உள்ள இருக்குற பேக்கப்பும் சேந்து போகும். ஒரு காப்பி ஊருக்கு வெளிய இருக்கணும். அதை விட முக்கியம் மாசம் ஒரு தடவை வேற மெஷின்ல ரிஸ்டோர் பண்ணி பாக்குறது. 2017 ஜனவரி 31 ராத்திரி கிட்லேப்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல ஃபோல்டரை அழிச்சிட்டாரு, நிறுத்துறதுக்குள்ள 300 ஜிபில நாலரை ஜிபிதான் மிச்சம். சரி பேக்கப் இருக்கேன்னு போனா ஒண்ணுமே இல்ல, சர்வர் 9.6, பேக்கப் எடுத்த பிஜி டம்ப் 9.2, தினமும் எர்ரர் அடிச்சு நின்னிருக்கு, அதை சொல்ல வேண்டிய மெயிலும் போய் சேரல. ஆறு மணி நேர டேட்டா போயே போச்சு. அவங்களை சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, நானே ஒரு கடைக்கு எழுதி குடுத்த பேக்கப் ஸ்கிரிப்ட் டிஸ்க் ரொம்பிப்போய் ரெண்டு மாசம் ஜீரோ கேபி ஃபைலா எழுதிட்டு இருந்துச்சு, ஃபைல் பேருல தேதி மட்டும் கரெக்டா இருந்துச்சு.

அட்மிஷன் அன்னிக்கு டூ மெனி கிளையன்ட்ஸ்னு வருது. மேக்ஸ் கனெக்‌ஷனை 1000 ஆக்கிடலாமா?
கல்லூரி ஊழியர், மயிலாடுதுறை

டிஃபால்ட் 100. ஏத்தலாம், ஆனா ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி புராசஸ், எல்லா மதகையும் ஒண்ணா தெறந்தா கடைமடைக்கு தண்ணி போகுமா? முறை வெச்சு விடுங்க. கனெக்‌ஷனை பங்கு போட்டு குடுக்குற பிஜிபவுன்சர் டூலை போட்டு டிரான்ஸாக்‌ஷன் மோடுல விட்டா 20, 30 கனெக்‌ஷனை வெச்சே ஆயிரம் பேரை சமாளிக்கலாம். பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (முன்னாடியே தயார் பண்ணி வெச்ச க்வெரி) உடையுதேன்னு முன்ன ஒரு குறை இருந்துச்சு, 2023ல வந்த 1.21லேர்ந்து அதுவும் தீந்துச்சு.

பழைய நில ஓலைகளை மைஎஸ்க்யூஎல்ல ஏத்துறேன். தமிழ் எல்லாம் ஏறுது, வேலி, குழி இதுக்கான பழைய குறியீடு போட்டா மட்டும் எர்ரர்.
சுவடி ஆர்வலர், தஞ்சாவூர்

ஐயா, அந்த குறியீடெல்லாம் 2019ல யூனிகோட் 12ல சேந்த தமிழ் சப்ளிமென்ட் பகுதில இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் நாலு பைட் வேணும். சாதாரண தமிழ் எழுத்துக்கு மூணுதான். மைஎஸ்க்யூஎல்ல யூடிஎஃப்8னு பேரு வெச்சுக்கிட்டு மூணு பைட்டோட நின்னுக்கிற ஒரு கேரக்டர் செட் இருக்கு, பேருலயே ஏமாத்து. டேபிள், கனெக்‌ஷன் ரெண்டையும் யூடிஎஃப்8எம்பி4க்கு மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்துனா பத்தாது. ஏறுனப்புறம் ஸ்கிரீன்ல வெறும் கட்டமா தெரிஞ்சா அது ஃபான்ட் கோளாறு, நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் போட்டு பாருங்க.