உரம் சாப்பாடு இல்லை

கேள்வி:
அன்புள்ள ஐயா, ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். மகளுக்குப் பள்ளியில் ஒளித்தொகுப்புப் பரிசோதனை. செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்த பிறகு இலையில் அயடீன் விட்டால் மாப்பொருளைக் காட்டும் கருநீலம் வரவில்லையாம். அந்த மாப்பொருள் எங்கே போனது? தேயிலைக்கு உரம்தானே சாப்பாடு? பிள்ளைக்கு ஒரு நல்ல விஞ்ஞானப் புத்தகமும் சொல்லுங்கள்.

பதில்:
அன்புள்ள தங்கச்சி,

புத்தகம் இருக்கட்டும், இப்போதைக்குப் பாடநூலே போதும். மாப்பொருளைச் செடிதான் சாப்பிட்டது. பகலில் காபனீரொட்சைட்டையும் தண்ணீரையும் கொண்டு இலை சீனி செய்கிறது, மிஞ்சுவதை மாப்பொருளாகச் சேர்க்கிறது. இருட்டில் அதைத் திரும்பச் சீனியாக்கி, கொஞ்சத்தைச் சுவாசத்தில் செலவழித்து, மீதியை உரியம் என்கிற சீனி கடத்தும் குழாய்கள் வழியே வேர்வரை அனுப்புகிறது.

ஆனால் உரம்தான் சாப்பாடு என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். தோட்டத்தில் இருக்கிற நீங்களே இப்படிச் சொல்லலாமா? யூரியாவின் நைதரசன் இல்லாமல் பச்சையம் இல்லை. டொலமைட்டில் வரும் மகனீசியம் பச்சையத்தின் நடுவிலேயே இருக்கிறது. உரம் அவசியம், சரி. ஆனால் அது அடுப்புக் கட்டும் கல். அரிசி இல்லை.

என் அப்பா கவ்வாத்து வெட்டியவர். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு மலைத் தேயிலையை அப்படி வெட்டினால் குச்சிகள்தான் நிற்கும். இலையே இல்லாத அந்தச் செடிக்கு மூட்டை மூட்டையாக உரம் கொட்டினாலும் துளிர்க்கச் சீனி எங்கிருந்து வரும்? வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளிலிருந்துதான். ஒரு வருடம் கடும் வெயிலுக்குப் பிறகு, செடியைக் கொஞ்சம் ஆறவிடுங்கள் என்று அப்பா கெஞ்சியும் கேட்காமல் வெட்டச் சொன்னார்கள். வரிசை வரிசையாகச் செடி பட்டுப்போனது. பழி யார் மேல் விழுந்தது? கத்தி பிடித்தவர்கள் மேல். பட்டை கிழியாமல் சரிவாக வெட்டத் தெரிந்த மனுஷனைப் பார்த்து, வெட்டத் தெரியாதவன் என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மலையில் ஒரு வேரைச் சோதித்திருந்தால் போதும். பென்சில் தடிப்பு வேரை நறுக்கி, வெட்டுமுகத்தில் அயடீன் விட்டுப் பார்ப்பது தேயிலைக்காரர்களுக்குத் தெரிந்த வழி. நன்றாகக் கறுத்தால் வெட்டலாம். வெளிறி இருந்தால் சில வாரம் கொழுந்து எடுக்காமல் விடவேண்டும். இலை உழைத்து வேரை நிரப்பட்டும்.

உங்கள் பக்கம் அடுத்த கவ்வாத்து வரும்போது கங்காணியிடம் கேட்டு மகளுக்கு ஒரு வேர்த்துண்டு வாங்கிக் கொடுங்கள். வேரில் பச்சையம் இல்லாததால், அதை நீக்க இலையை மதுசாரத்தில் கொதிக்க வைப்பது போன்ற வேலையும் கிடையாது. கழுவி, நறுக்கி, இரண்டு சொட்டு அயடீன் விடச் சொல்லுங்கள்.