43 வயதில் மாஸ்டர்ஸ் வென்ற டைகர் வுட்ஸ், ஜாக் நிக்லஸை மிஞ்சிவிட்டாரா?

மிஞ்சவில்லை என்று மேஜர் கணக்கு, அதாவது கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளின் (மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன், பிஜிஏ சாம்பியன்ஷிப்) வெற்றிக் கணக்கு சொல்கிறது: நிக்லஸ் 18, டைகர் 15. ஆனால் இருவரில் சிறந்த ஆட்டக்காரர் டைகர்தான் என்பது என் முடிவு. 2019 ஏப்ரல் 14 அன்று, மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் அவர் பெற்ற வெற்றி அந்த முடிவுக்குக் கூடுதல் வலு சேர்க்கிறது. உருக்கமான மறுவரவு என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அன்று அவர் வென்ற விதத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் உடல்நிலை. முதுகில் நான்கு அறுவைச் சிகிச்சைகள்: 2014-இல் ஒன்று, 2015-இல் இரண்டு, 2017 ஏப்ரலில் நான்காவது. கடைசியாகச் செய்தது, இடுப்புப் பகுதியின் அடி முதுகெலும்பையும் அதற்குக் கீழுள்ள எலும்பையும் ஒன்றாகப் பிணைக்கும் சிகிச்சை. இரண்டு எலும்புகளுக்கும் இடையிலுள்ள சிதைந்த வட்டை (டிஸ்க்) எடுத்துவிடுவதால் நரம்பு அழுத்தம் நீங்கி வலி குறையும். ஆனால் அந்த மூட்டின் அசைவு அத்தோடு போய்விடும். கோல்ஃப் அடியோ முழுக்க முழுக்க உடம்பைத் திருப்பி அடிப்பது. கீழ்முதுகு திரும்பாவிட்டால் அந்த வேலையை இடுப்பு மூட்டும் மேல்முதுகும் ஏற்க வேண்டும். கால் நூற்றாண்டுக்கு மேல் உடம்பில் ஊறிய அசைவை 41 வயதுக்குப் பிறகு மாற்றிக்கொள்வது சிறிய காரியமல்ல. 2017 நவம்பர் இறுதியில் அவருடைய உலகத் தரவரிசை 1199. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பனில் ஆறாம் இடத்தைப் பகிர்ந்தார், பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் கடைசி நாள் சுற்றை 64 அடிகளில் முடித்து இரண்டாம் இடம், செப்டம்பரில் டூர் சாம்பியன்ஷிப் வெற்றி. ஆகவே 2019 மாஸ்டர்ஸ் திடீரென்று வந்ததல்ல. படிப்படியாக வந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மூன்று சுற்று முடிவில் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மொலினாரி 13 அண்டர் (பார் என்ற நிர்ணய அடிக்கணக்கைவிட 13 குறைவு; குறைவாக அடிப்பவரே முன்னணி), டைகரும் டோனி ஃபினாவும் 11 அண்டர். அதற்கு முன் டைகர் வென்ற 14 மேஜர்களிலும் கடைசிச் சுற்றுக்கு முன்பே தனியாகவோ சமமாகவோ முன்னணியில் இருந்தவர். பின்னாலிருந்து வந்து ஒரு மேஜர்கூட வென்றதில்லை. அகஸ்டாவின் 12-ஆம் குழிதான் அதை மாற்றியது.

சுமார் 155 கெஜம்தான், பார் 3. தூரத்தைப் பார்த்தால் எளிது. ஆனால் கிரீன் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கவாட்டில் அகலம், முன்பின் ஆழம் மிகக் குறைவு. அதுவும் நேராக இல்லாமல் சாய்வாகக் கிடக்கிறது: இடது பக்கம் ஆட்டக்காரருக்கு அருகில், வலது பக்கம் தொலைவில். முன்னால் ரேஸ் கிரீக் ஓடை. ஓடைக்கரைப் புல்லை ஒட்ட வெட்டிவைத்திருப்பார்கள், குறைவாக விழும் பந்து நிற்காமல் உருண்டு தண்ணீருக்குள் போகும். வலக்கை ஆட்டக்காரரின் தவறு பெரும்பாலும் இரண்டு வகை. வலப்பக்கம் தள்ளிப் போகும் பந்து தூரமும் குறையும். இடப்பக்கம் இழுபட்டுப் போகும் பந்து தூரம் கூடும். இந்தக் கிரீனோ வலப்பக்கத்தில் கூடுதல் தூரமும் இடப்பக்கத்தில் குறைந்த தூரமும் கேட்கிறது, அதாவது இயல்பான தவறுகளுக்கு நேர் எதிர். கடைசி நாள் குழியையும் அதைக் காட்டும் கொடியையும் வழக்கமாக வலது பக்கம் வைப்பார்கள். மரங்களுக்கு நடுவே காற்று சுழல்வதால் கொடியை நம்பியும் அடிக்க முடியாது.

அன்று கடைசி இரண்டு குழுக்களில் ஆறு பேர். அவர்களில் நான்கு பேர், அதாவது புரூக்ஸ் கெப்கா, இயன் போல்டர், மொலினாரி, ஃபினாவ், அங்கே தண்ணீரில் போட்டார்கள். மொலினாரி 8-அயர்ன் மட்டை எடுத்துக் கொடிப்பக்கம் போனார், தூரம் குறைந்துவிட்டது, டபுள் போகி (பாரைவிட இரண்டு அடி அதிகம்). டைகர் 9-அயர்ன் எடுத்தார். கொடியைப் பார்க்கவே இல்லை. முன்னாலுள்ள மணல்பள்ளத்தின் (பங்கர்) மேலாக, கிரீனின் இடப்புறம் பந்தைப் போட்டார். குழிக்கு வெகு தூரம், ஆனால் உலர்ந்த தரை. இரண்டு பட்டில் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) பார். மொலினாரியைச் சமன் செய்ய அதுவே போதுமாக இருந்தது.

பலர் இந்த அடியைக் கவனிக்காமல் 16-ஆம் குழியின் பர்டியைத்தான் (பாரைவிட ஓர் அடி குறைவு) திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். அதுவும் அறிவாட்டம்தான்: வலப்புறச் சரிவில் 8-அயர்னால் இறக்கிவிட்டால் பந்து தானே இறங்கிக் கீழ்-இடது கொடிக்கு வரும் என்று தெரிந்து அடித்தது, குழியிலிருந்து சில அடியில் நின்றது. இடையில் 13, 15 ஆகிய பார் 5 குழிகளிலும் பர்டி. 15-இல் மொலினாரி மீண்டும் தண்ணீரில் விட்டு இன்னொரு டபுள் போகி. 18-ஆம் குழிக்கு வரும்போது டைகருக்கு இரண்டு ஸ்ட்ரோக் (அடி) முன்னிலை, போகி (பாரைவிட ஓர் அடி அதிகம்) போதும். போகியே எடுத்தார். 70, 68, 67, 70, மொத்தம் 275. டஸ்டின் ஜான்சன், கெப்கா, சாண்டர் ஷாஃபலே மூவரும் ஒரே ஸ்ட்ரோக் பின்னால். நான்கு நாளில் 72-க்கு 58 கிரீன்களை உரிய அடியில் (பாருக்கு இரண்டு அடியாவது மிச்சம் வைத்து) எட்டினார், போட்டியாளர்கள் அனைவரிலும் அதுவே அதிகம். பலத்தால் எல்லோரையும் தாண்டிய 1997 டைகர் அல்ல இவர். எங்கே தவறினால் தப்பலாம் என்று மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர்.

மறுவரவுகளில் இதுதான் மிகப் பெரியதா என்றால், இல்லை. அந்த இடம் பென் ஹோகனுக்கு. 1949 பிப்ரவரியில் டெக்சாசில் எதிரே வந்த பேருந்து அவருடைய காரில் மோதியது. இடுப்பெலும்பு, காறை எலும்பு, கணுக்கால், எல்லாம் முறிவு. பிறகு இரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போகாமலிருக்கப் பெருஞ்சிரையையே கட்டவேண்டி வந்தது, அதனால் கால்கள் வாழ்நாள் முழுக்க வீங்கின. பதினாறே மாதத்தில் மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன்: கடைசி நாள் ஒரே நாளில் 36 குழிகள் நடந்து, மறுநாள் சமநிலையை முறிக்கும் 18 குழி பிளேஆஃபில் 69 அடித்து வென்றார். அவருடைய ஒன்பது மேஜர்களில் ஆறு விபத்துக்குப் பிறகு வந்தவை. டைகருக்கு 2019-க்குப் பிறகு இதுவரை இன்னொரு மேஜர் இல்லை.

நிக்லஸும் 1986-இல் 46 வயதில் இதே மாஸ்டர்ஸை வென்றார். நான்கு ஸ்ட்ரோக் பின்னாலிருந்து தொடங்கி, கடைசி ஒன்பது குழிகளை 30-இல் முடித்து, 65 அடித்தார். ஆட்டம் என்ற அளவில் அந்த ஒன்பது குழிகள் டைகரின் 2019-ஐவிட உயர்ந்தவை.

அப்படியானால் டைகரை ஏன் மேலே வைக்கிறேன்? மேஜர் எண்ணிக்கை நாம் நினைப்பதுபோல எல்லாக் காலத்துக்கும் பொதுவான அளவுகோல் அல்ல. முந்தைய தலைமுறை ஆட்டக்காரர் வால்டர் ஹேகன் தன் 11 மேஜர்களை வென்று முடித்தபோது மாஸ்டர்ஸ் என்ற போட்டியே கிடையாது. 1953-இல் ஹோகன் ஆடிய மூன்று மேஜர்களையும் வென்றார், நான்காவதான பிஜிஏவின் நாட்கள் பிரிட்டிஷ் ஓப்பனோடு மோதின. அமெரிக்க ஆண்கள் சுற்றான பிஜிஏ டூரில் டைகரும் பழைய ஆட்டக்காரர் சாம் ஸ்னீடும் பகிரும் 82 வெற்றிகள் என்ற சாதனை எண்ணிலும் இதே சிக்கல்: ஸ்னீடின் கணக்கில் அணிப் போட்டிகளும் உண்டு.

நிக்லஸ் தரப்பின் வலுவான வாதம் 18 அல்ல, 19. மேஜர்களில் அவர் இரண்டாம் இடம் பிடித்தது அத்தனை முறை, டைகர் 7 முறைதான். கால் நூற்றாண்டு உச்சத்திலேயே சுற்றிவந்தவர் அவர். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை, நீடிப்பில் அவருக்கு ஈடில்லை. ஆனால் ஒருவர் சமகாலத்தவரை எவ்வளவு தூரம் விட்டுச் சென்றார் என்று அளந்தால் நிலைமை வேறு. 2000 அமெரிக்க ஓப்பனை டைகர் வென்றது 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில். அதில் தொடங்கி 2001 மாஸ்டர்ஸ் வரை நான்கு மேஜர் கோப்பைகளும் ஒரே நேரத்தில் கையில். போட்டியின் பாதியில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் 'கட்' கோட்டைத் தொடர்ந்து 142 போட்டிகளில் தாண்டியது. மொத்தம் 683 வாரம் உலக முதலிடம். அதுவும் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆசியா, தென்னாப்பிரிக்கா என எல்லா இடத்திலிருந்தும் வந்த ஆழமான போட்டியாளர் வரிசைக்கு எதிராக.

இன்னொன்று. 82-ஐச் சாதனை எண்ணாகச் சொல்லும்போது பெண்கள் கோல்ஃபைச் சேர்த்துப் பாருங்கள். மிக்கி ரைட் அமெரிக்கப் பெண்கள் சுற்றான எல்பிஜிஏவில் 82 வென்றிருக்கிறார், கேத்தி விட்வொர்த் 88. அமெரிக்காவின் இந்த இரு சுற்றுகளிலும் அதிக வெற்றி யாருக்கு என்று கேட்டால் பதில் டைகரும் இல்லை, நிக்லஸும் இல்லை, விட்வொர்த்.