பைபிள் வசனத்தை எழுத்துப் பிசகாமல்தான் சொல்ல வேண்டுமா?

"கருத்து சரியாக இருந்தால் போதாதா, வசனத்தை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்லியே ஆக வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்த வார்த்தையில் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டு, அதை மேற்கோள் குறிக்குள் வைத்து, பக்கத்தில் அதிகாரமும் வசன எண்ணும் போடுகிறோம் பாருங்கள், வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எண்ணைப் பார்த்ததுமே வாசிக்கிறவர் இது வேதத்தில் இப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார், போய்த் திறந்து சரிபார்க்கிறவர் அபூர்வம்.

"பணமே எல்லாத் தீமைக்கும் வேர்" என்பதை எல்லோரும் கேட்டிருப்போம். 1 தீமோத்தேயு 6:10-இல் இருப்பது "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது". ஆசையை விட்டுவிட்டால் மாதச் சம்பளம் வாங்குகிறவன் எல்லாம் குற்றவாளி ஆகிவிடுவான். அப்புறம் "தனக்குத் தானே உதவுகிறவனுக்குக் கடவுள் உதவுவார்" என்று ஒன்று சுற்றுகிறதே, அது பைபிளில் எங்கேயும் கிடையாது. சரி, இதெல்லாம் தெரிந்த கதைதான்.

எனக்கு அதிகம் உறுத்துவது, ஒரு எழுத்துகூட மாறாமல் சொல்லப்படும் சில மேற்கோள்கள்தான். யோபு 8:7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." நம் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் இதற்கு அறிமுகமே தேவையில்லை. கடைத் திறப்பு அழைப்பிதழ், வீட்டுச் சுவர், காலண்டர், புது வருஷ ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை என்று எங்கேயும் இருக்கும். பழைய திருப்புதல் என்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளபடியே, கமா உட்பட, சரியாகத்தான் அச்சடிக்கிறார்கள். ஆனால் இதைச் சொன்னது யார்? கடவுள் இல்லை, யோபும் இல்லை, யோபின் நண்பர் பில்தாத்.

அவர் எந்த நிலைமையில் இதைச் சொல்கிறார் என்பதையும் பாருங்கள். வீடு இடிந்து விழுந்து யோபின் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் செத்துப்போனார்கள். உடம்பெல்லாம் பருவோடு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொண்டிருக்கிற மனுஷனிடம், ஆறுதல் சொல்ல வந்த நண்பர், உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்கான தண்டனைக்குக் கடவுள் அவர்களை விட்டுவிட்டிருப்பார் என்கிற தொனியில் ஆரம்பிக்கிறார் (8:4). அடுத்த இரண்டு வசனங்களில் நிபந்தனை வருகிறது: நீ கடவுளைத் தேடி, சுத்தமும் செம்மையுமாக இருந்தால். அதற்குப் பிறகுதான் நம் அட்டையில் இருக்கிற வரி. ஆக அந்த வாக்கியத்துக்கு முன்பாதி இருக்கிறது, அதில் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. கதை முடியும்போது கடவுளே யோபின் இன்னொரு நண்பர் எலிப்பாசிடம், உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம், நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார் (42:7-இன் சாரம்). அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் பில்தாத்.

இதில் அச்சுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய திருப்புதலில் மேற்கோள் குறியே கிடையாது. பேசுகிறவர் பெயர் எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் ஒரு தடவை வரும், ஒரு முக்காற்புள்ளி இருக்கும், அவ்வளவுதான். ஏழாம் வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்தால் பேசினவர் பெயர் அங்கேயே நின்றுவிடுகிறது, அட்டையின் அடியில் "யோபு 8:7" என்று மட்டும் போட்டால் யோபே சொன்னது மாதிரிகூட ஆகிவிடுகிறது.

இன்னொன்று துக்க வீட்டில் கேட்பது. மகனைப் பறிகொடுத்த அம்மாவிடம் போய், "தாங்க முடியாத பாரத்தைக் கடவுள் யாருக்கும் கொடுக்க மாட்டார், 1 கொரிந்தியர் 10:13" என்பார்கள். சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த வசனம் பாரத்தைப் பற்றியதே இல்லை. "உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல்" என்றுதான் வருகிறது, அதற்கு முன்னால், இதை எழுதிய பவுல் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விழுந்த இடங்களை, விக்கிரக ஆராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார், அடுத்த வசனத்தில் விக்கிரக ஆராதனைக்கு விலகி ஓடுங்கள் என்கிறார். பாவத்துக்குள் இழுக்கப்படுகிறவனுக்குத் தப்பிக்க வழி உண்டு என்பது பேச்சு. இதே பவுல் இதே கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே, ஆசியாவில் எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே போய்விட்டது என்று எழுதுகிறார் (1:8). அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான், முந்தையது "உன்னால் தாங்க முடியவில்லை என்றால் உன் விசுவாசத்தில்தான் கோளாறு" என்று அவர் காதில் விழும்.

"அப்படியானால் வசனத்தைச் சுருக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். கூடும், இயேசுவே சுருக்கியிருக்கிறார். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் சாத்தான் இயேசுவைத் தேவாலயக் கோபுரத்திலிருந்து குதிக்கச் சொல்லி, அதற்குச் சங்கீதம் 91-ஐச் சொல்லும்போது "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்பதை விட்டுவிட்டான் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்வார்கள், விட்டது உண்மைதான். ஆனால் இயேசு "நீ வார்த்தையை முழுங்கிவிட்டாய்" என்று சண்டைக்குப் போகவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இன்னொரு இடத்தை எடுத்துக் காட்டுகிறார். அது உபாகமம் 6:16. அங்கே போய்ப் பார்த்தால் "நீங்கள் மாசாவிலே செய்ததுபோல" என்ற துண்டும் இருக்கிறது (மாசா என்பது இஸ்ரவேலர் கடவுளைப் பரீட்சை பார்த்த இடம்), அதை அவர் சொல்லவில்லை. இரண்டு பேருமே வெட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள். இயேசு மாசாவை விட்டதால் கட்டளையின் அர்த்தம் கெடவில்லை. கடவுளை நம்பி நடக்கிறவனுக்குச் சொன்ன பாதுகாப்பு, கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டுவதற்கான உத்தரவாதமாக மாறியது சாத்தான் வெட்டினதில்தான்.

அப்போஸ்தலர்களே தளர்வாகத்தானே மேற்கோள் காட்டினார்கள் என்று ஒரு வாதம் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. எபிரெயர் 2:6-இல் எட்டாம் சங்கீதத்தைச் சொல்லும்போது, ஒரு இடத்தில் ஒருவன் சாட்சி சொல்லியிருக்கிறான் என்கிற அளவில்தான் அறிமுகம், எனக்குப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். ஆனால் கலாத்தியர் 3:16-இல் பவுல் "சந்ததிகள்" இல்லை "சந்ததி" என்று ஒருமை பன்மையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாதத்தையே கட்டுகிறார். வாதம் எதன்மேல் நிற்கிறதோ அந்த வார்த்தை அவர்களிடமும் அசையவில்லை. போதாததற்கு அவர்கள் காலத்தில் வசன எண்ணே கிடையாது, புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் எண்களை 1551-இல்தான் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டார். எண்ணை நாம் எழுதுகிறோம் என்றால் வாசிக்கிறவரைப் "போய்ப் பாருங்கள்" என்று கூப்பிடுகிறோம், போய்ப் பார்த்தால் அங்கே அது இருக்க வேண்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். மனப்பாடத்திலிருந்து தட்டச்சு செய்யாமல் செயலியைத் திறந்து நகலெடுங்கள், முன்னும் பின்னும் ஐந்து வசனங்களை அப்படியே ஒரு பார்வை பாருங்கள், பேசுவது யார் என்று தேடுங்கள். நடுவில் வெட்டினால் மூன்று புள்ளி வையுங்கள். எந்த மொழிபெயர்ப்பு என்று சொல்லுங்கள், பழைய திருப்புதலில் பாதியும் திருவிவிலியத்தில் பாதியுமாகக் கலந்து வருகிற வாட்ஸ்அப் வசனங்கள் எந்தப் பைபிளிலும் கிடைக்காது. பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் சங்கீதம் 91 என்பது 90 என்று இருக்கும், அதையும் மனதில் வையுங்கள். கருத்தை மட்டும் சொல்கிறீர்களா, "சாரம் இது" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

கடைத் திறப்பு அழைப்பிதழுக்கு யோபு புத்தகத்திலிருந்துதான் வேண்டும் என்றால் 42:12 இருக்கிறது: "கர்த்தர் யோபின் முன்னிலைமையைப்பார்க்கிலும் அவன் பின்னிலைமையை ஆசீர்வதித்தார்." அதே ஆசை, கிட்டத்தட்ட அதே அர்த்தம், ஆனால் பில்தாத் சொன்னது இல்லை. யோபுக்கு நடந்ததாகத்தான் எழுதியிருக்கிறது, உங்கள் கடைக்கும் அப்படி நடக்கும் என்று அதில் இல்லை, அதை நீங்கள் ஜெபமாகக் கேட்டுக்கொள்ளலாம்.