டாக்டர் சாக்ரடீஸின் ஒரு ஓட்டு

கே: பிரேசில் கால்பந்து நட்சத்திரம் சாக்ரடீஸ், மைதானத்துக்கு வெளியே எப்படிப் பொழுதுபோக்கினார்?

ப: பொழுதுபோக்கா? நட்சத்திரம் என்றாலே கார், கடிகாரம், கல்யாணம் என்று எழுதியே நம் விளையாட்டுப் பக்கங்கள் வாசகர்களைக் கெடுத்து வைத்திருக்கின்றன. இதைப் பலமுறை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன். ரிபெய்ராவ் ப்ரேட்டோ ஊரில் பொட்டாஃபோகோ அணிக்கு ஆடிக்கொண்டே மருத்துவம் படித்தவர் அவர். வகுப்புக்காகப் பயிற்சிக்கு மட்டம் போட்டவர். சாவ் பாவ்லோவின் கொரிந்தியன்ஸ் கிளப்புக்குப் போனது பட்டம் வாங்கிய பிறகு, 1978-ல்.

அங்கே நடந்ததைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிரேசிலில் அப்போது ராணுவ ஆட்சி, அதிபரைத் தேர்ந்தெடுக்க மக்களுக்கு ஓட்டு கிடையாது. அந்த நேரத்தில் இவரும் விளாடிமிர், காசாகிராண்டி முதலான சக ஆட்டக்காரர்களும் கிளப்புக்குள் ஓட்டெடுப்பைக் கொண்டுவந்தார்கள். யாரை அணியில் சேர்ப்பது, எப்போது பயிற்சி, பஸ்ஸை வழியில் எங்கே நிறுத்துவது, எல்லாவற்றுக்கும் ஓட்டு. சாக்ரடீஸுக்கும் ஒன்று, ஜெர்சி, பூட்ஸ் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒன்று. மேட்சுக்கு முன்னால் ஆட்டக்காரர்களை விடுதியில் அடைத்து வைக்கும் வழக்கம் இப்படித்தான் தளர்ந்தது. ஒழுங்கு கெட்டதா? 1982, 1983 இரண்டு வருடமும் சாவ் பாவ்லோ மாநிலக் கோப்பை அவர்களுக்கே! விளையாட்டுக்காரன் அரசியல் பேசக் கூடாது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். 1982 நவம்பரில் நடந்த நாடாளுமன்ற, மாநிலத் தேர்தலுக்கு முன், சட்டை முதுகில் விளம்பரம் வரவேண்டிய இடத்தில் '15-ம் தேதி வாக்களியுங்கள்' என்று போட்டுக்கொண்டு ஆடியவர்கள் இவர்கள்.

1984-ல், நேரடி அதிபர் தேர்தலுக்கான சட்டத் திருத்தம் நிறைவேறினால் இத்தாலிக்கு ஆடப் போகமாட்டேன் என்று பொதுக்கூட்டத்தில் வாக்குக் கொடுத்தார். நாடாளுமன்றக் கீழவையில் வேண்டியது 320 ஓட்டு, விழுந்தது 298. நூறு பேருக்கு மேல் சபைக்கே வரவில்லை. அவர் இத்தாலியின் ஃபியோரென்டினா கிளப்புக்குப் போய்விட்டார்.

பிற்காலத்தில் மருத்துவம் பார்த்தார், பத்திரிகையில் பத்தி எழுதினார். ஆடுகிற காலத்திலேயே சிகரெட், குடி இரண்டும் உண்டு. ஈரல் என்ன ஆகும் என்று டாக்டருக்குத் தெரியாதா? 2011-ல், 57 வயதில் போய்விட்டார். இதைக் கலைஞனின் சுபாவம் என்று மெழுகுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியாது.

அவருடைய குதிகால் பாஸையும் வெறும் ஸ்டைல் என்றே எழுதுகிறார்கள். 1.92 மீட்டர் உயரம், அதற்குப் பொருந்தாத சின்னப் பாதம். சட்டென்று திரும்ப வராது. திரும்புவதற்குள் எதிராளி பந்தைப் பறித்துவிடுவான். அதனால் திரும்பாமலே, பின்னால் ஓடிவருகிறவனுக்குக் குதிகாலால் தட்டிவிட்டார்.