'செர்னோபில் டைரீஸ்' நிஜ ப்ரிப்யாட்டில் எடுத்ததா?

செர்னோபில் அணு உலை விபத்தால் காலியான உக்ரைன் நகரம் ப்ரிப்யாட். அங்கே நடப்பதாகக் காட்டும் இந்தத் திகில் படத்தின் தெருக்களை வரைபடத்தில் தேடியும் கிடைக்கவில்லை, நிஜ ஊரில்தான் எடுத்தார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை. 2012இல் வந்த அந்தப் படத்தை செர்பியாவிலும் ஹங்கேரியிலும்தான் எடுத்தார்கள். அதனால்தான் அந்தத் தெருக்கள் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

குழப்பம் வந்ததற்குக் காரணம் அந்தக் கட்டடங்களாக இருக்கலாம். ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்புகள் கிழக்கு ஐரோப்பா முழுக்க உண்டு. ஜன்னலை உடைத்து, செடியைப் படரவிட்டால் எல்லாம் ஒரே ஊர்தான்.

ஒன்று செய்து பாருங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தில் ப்ரிப்யாட் நகரின் நடுச் சதுக்கத்துக்குப் போங்கள். 'எனர்கெடிக்' பண்பாட்டு மாளிகைக்குப் பின்னால் கைவிடப்பட்ட பெரிய ராட்டினம் தெரியும். அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 3 கி.மீ. தள்ளி அணுமின் நிலையம். இந்த அமைப்பை வைத்துக்கொண்டு படத்தின் காட்சிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், படத்தில் வருவதுபோல அங்கே யாரும் ஒளிந்து கிடக்கவில்லை. 1986 ஏப்ரல் 26 அதிகாலை உலை வெடித்தது. மறுநாள் பிற்பகல் சுமார் 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றினார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் போனார்கள். எனக்குப் படத்தின் பயங்கரங்களைவிட இதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

நேரில் போகும் எண்ணம் இருந்தால் இப்போது வேண்டாம். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் சுற்றுலா நின்றுவிட்டது. அதற்கு முன்பும் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். படத்தில் மாற்று வழியில் நுழைவதைப் பார்த்து யாரும் முயல வேண்டாம்.