மருத்துவரின் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் ‘கம்ஃபர்டப்ளி நம்’ பாடலின் 1980, 1994, 2006 மேடைப் பதிவுகளை ஒப்பிட்டு நண்பர்களுடன் விவாதித்து வருகிறேன். கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் இறுதி சோலோவை, அதாவது தனி வாசிப்பை மட்டும் வெட்டியெடுத்து, வரிசையாக ஒட்டிக் கேட்கிறேன். 1994 லண்டன் எர்ல்ஸ் கோர்ட் அரங்க வாசிப்பே உச்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் தேர்வு எது? அந்த ஒலிக்கு கிட்டார்தான் காரணமா? நானும் கிட்டார் பழகுகிறேன். அந்த சோலோவில் தந்தியை வளைத்து இழுக்கும் முதல் பெண்டிங்கே இன்னும் கைகூடவில்லை.

கே.

அன்புள்ள கே.,

கிட்டார் ஒரு காரணம்தான். 1994-இல் அவர் கையில் இருந்தது தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் இ.எம்.ஜி. பிக்கப் பொருத்திய சிவப்பு ஸ்ட்ராட் கிட்டார்; 2005-இல் பழைய கறுப்பு ஸ்ட்ராட்டுக்குத் திரும்பினார். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. பெண்டிங்கும் பழகப் பழக வரும், மனம் தளராதீர்கள்.

ஆனால் சோலோவை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்தப் பாடல் இருவர் பேச்சு. ஒருவர் மருத்துவர், மற்றவர் படுத்துக் கிடப்பவர். 1977 சுற்றுப்பயணத்தில் பிலடெல்பியாவில் வயிற்று வலியோடு இருந்த குழுவின் பாடகர் ரோஜர் வாட்டர்ஸுக்கு ஊசி போட்டு மேடையேற்றிய அனுபவத்திலிருந்து அந்த மருத்துவர் பிறந்தார். வலி எங்கே என்று அவர் கேட்கிறார். ஆனால் அவர் அக்கறையெல்லாம் நோயாளியை எழுப்பி மேடைக்கு அனுப்புவதில்தான். அந்தக் குரலை வாட்டர்ஸ் பாட, நோயாளியின் மறுமொழியைக் கில்மோர் பாடுகிறார். பாட்டில் சொல்லி முடியாமல் போன அந்த மறுமொழியின் மிச்சமே சோலோ. கேள்வியை அறுத்தெறிந்துவிட்டு விடையை மட்டும் வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுகிறீர்கள்?

என் தந்தை கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது, ஊசி போட வந்த மருத்துவர் குனிந்து, “ஐயா, எங்கே வலிக்குது?” என்று கேட்டார். குரலில் அத்தனை கனிவு. கண்கள் மட்டும் படுக்கையின் காலில் தொங்கிய அட்டையில் இருந்தன. அப்பா வாய் திறப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. அதன் பிறகு அவர் எதையோ சொல்ல முயன்றுகொண்டே இருந்தார்; எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இந்தப் பாடலில் சோலோவுக்கு முந்திய சரணங்களை நான் ஒருபோதும் தவிர்த்துவிட்டுக் கேட்டதில்லை என்றால் அதற்கு அந்த மருத்துவரின் குரலே காரணம்.

இப்போது உங்கள் சுற்றுப்பயணங்களைப் பாருங்கள். 1980–81-இல் ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் உயரச் சுவரின் அடியில் நின்று வாட்டர்ஸ் தனியாகக் கேட்பார். சுவரின் உச்சியில், அதுவரை இருளில் காத்திருந்த கில்மோர் மேல் வெளிச்சம் பாயும். கேட்பவர் கீழே, கேட்கப்படுபவர் எட்டாத உயரத்தில். வாட்டர்ஸ் விலகிய பின் வந்த 1987 சுற்றிலிருந்து, மருத்துவரின் சரணங்களை குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட், உடன் வாசித்த கை ப்ராட், ஜான் காரின் ஆகிய மூவரும் சேர்ந்து பாடினார்கள். அழகாகத்தான் பாடினார்கள். ஆனால் படுக்கையருகே மூன்று பேர் ஒரே சுருதியில் நலம் விசாரித்தால் அது விசாரணையாக இருக்காது, கூட்டுப் பிரார்த்தனையாகிவிடும். இசைத்தட்டில் ஆறரை நிமிடத்துக்குள் மங்கி மறையும் பாடல் 1994-இல் ஒன்பது நிமிடத்தைத் தாண்டுகிறது. சோலோ வளர்ந்தது, அது யாருக்கு மறுமொழி சொல்கிறதோ அந்த ஆள் காணாமல் போனார். நீங்கள் உச்சம் என்று கொண்டாடுவது இந்த வடிவத்தை.

வாட்டர்ஸ் 2022-இல் இதற்கு நேரெதிர்த் தவறைச் செய்தார். கிட்டார் சோலோவையே நீக்கிப் புதிதாகப் பதிவு செய்தார். அங்கே மருத்துவர் இருக்கிறார், நோயாளியின் வாய்தான் அடைபட்டுவிட்டது.

2006-இல் கில்மோரின் தனிச் சுற்றுப்பயணத்தில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஓரிரவு பாடகர் டேவிட் போவி மருத்துவரானார். அந்தக் குளிர்ச்சி அவருக்கு இயல்பாக வந்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், போலந்தின் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில், சரணங்களை ரைட் ஒற்றை ஆளாகப் பாடினார். வயதேறிய, சற்றே தளர்ந்த அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. அவர் உண்மையாகவே விடை தெரிய வேண்டிக் கேட்கிறார். கில்மோரின் சோலோ அன்று அவருக்கு விடை சொல்வதுபோல் நீள்கிறது. இரண்டே ஆண்டுகளில் ரைட் இறந்துவிட்டார்.

வெட்டி வைத்த கோப்புகளை அழித்துவிட்டு க்டான்ஸ்க் பதிவை முதல் நொடியிலிருந்து கேளுங்கள். அடுத்த முறை நண்பர்கள் கூடும்போது ஒருவரைச் சரணங்களைப் பாடச் சொல்லுங்கள். அவர் கேட்டு முடிக்கும்வரை கிட்டாரைத் தொடாதீர்கள்.